போட்டோ பக்கம் வந்ததும் பிரிண்டர் படுத்துக்கொள்கிறதா?

கேள்வி: சி ஷார்ப், வின்ஃபார்ம்ஸில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். விபத்து வண்டிகளின் சர்வே ரிப்போர்ட் அதிலிருந்துதான் பிரிண்ட் ஆகிறது, பக்கத்துக்கு ஆறு போட்டோ. எழுத்துப் பக்கம் மளமளவென்று வருகிறது, போட்டோ பக்கம் வந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ என்றால் மட்டும் பரவாயில்லை. புது பிரிண்டர் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்காதீர்கள். கடைசியாகச் சொன்னீர்களே வாட்ஸ்அப் விஷயம், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை. அதே ரிப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்புக்கு அனுப்புங்கள். காகிதம், கேபிள், டோனர் எதுவும் இல்லாத அந்த வழியிலும் நொண்டினால் கோளாறு உங்கள் புரோகிராம் கோடில்தான். அப்புறம் உண்மையான பிரிண்டருக்கு அனுப்பிவிட்டு, அதன் கியூ விண்டோவில் (அச்சிடக் காத்திருக்கும் வேலைகளின் பட்டியல்) சைஸ் என்று ஒரு நெடுவரிசை இருக்கும், அதைப் பாருங்கள். சில பக்கத்துக்கே நூற்றுக்கணக்கான எம்பி காட்டினால் வேறு ஆதாரம் தேவையில்லை.

கணக்கு இதுதான். ஃபோனில் எடுத்த 12 மெகாபிக்சல் போட்டோ 4000 × 3000. ஃபைலாக மூன்று நான்கு எம்பிதான் இருக்கும், ஆனால் அது ஜேபெக் சுருக்கம். திறந்தவுடன் பிக்சலுக்கு 3 பைட் வீதம் 36 எம்பி ஆகிவிடும், ஒரு பக்கத்துக்கு ஆறு என்றால் 216 எம்பி. நீங்கள் அதை அச்சிடுவதோ 3 அங்குலம் × 2.25 அங்குலக் கட்டத்தில். அங்குலத்துக்கு 200 புள்ளி வைத்தால் 600 × 450 பிக்சல் போதும், ஒரு எம்பிகூட வராது. படத்தை வரையும் ட்ராஇமேஜ் கட்டளைக்குச் சின்ன ரெக்டாங்கிள் கொடுத்துவிட்டோமே, படம் சிறிதாகிவிடும் என்று நினைக்கிறோம். காகிதத்தில் சிறிதாகும், சரி. உள்ளே போகும் டேட்டா பெரும்பாலும் முழுசாகத்தான் போகும். வாட்ஸ்அப் வழக்கமாக அகல உயரத்தையே குறைத்து அனுப்புவதால் அந்தப் போட்டோக்கள் தப்பித்தன. ஜேபெக் குவாலிட்டியை மட்டும் குறைத்து சேவ் செய்து பார்க்காதீர்கள், ஃபைல் இளைக்கும், பிக்சல் எண்ணிக்கை அப்படியே இருக்கும்.

அடுத்து, போட்டோ ஃபைலைத் திறக்கும் இமேஜ்.ஃப்ரம்ஃபைல் வரியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஒவ்வொரு பக்கத்தையும் வரைய ஓடும் பிரிண்ட்பேஜ் ஈவென்ட்டுக்குள் என்றால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். பிரிவியூ காட்டும்போது அந்த ஈவென்ட் பக்கம் பக்கமாக ஒரு சுற்று ஓடும், அச்சிடும்போது இன்னொரு சுற்று, ஒவ்வொரு முறையும் எல்லாப் போட்டோவும் டிஸ்கிலிருந்து வந்து திறக்கும். பிரிவியூவுக்கு முன்பே ஒரு லூப் போட்டு, ஒவ்வொரு போட்டோவையும் 600 × 450 அளவில், 24 பிட் ஆர்ஜிபி ஃபார்மேட்டில் ஒரு புது பிட்மேப்பில், ஹைகுவாலிட்டி பைக்யூபிக் (தெளிவு கெடாமல் சிறிதாக்கும் முறை) வைத்து வரைந்து டிக்‌ஷனரியில் போட்டுக்கொள்ளுங்கள். மூலப் படத்தை யூஸிங் பிளாக்குக்குள் திறந்து உடனே டிஸ்போஸ் செய்து, அதாவது மெமரியிலிருந்து விடுவித்து, விட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஃபைல் பூட்டியே கிடக்கும், 32 பிட் புரோகிராம் என்றால் ஐம்பது போட்டோவுக்குள் மெமரியும் தீர்ந்துவிடும். கெட்தம்ப்நெயில்இமேஜ் என்று ஒரு சுருக்குவழி கண்ணில் படும், அதை நான் தொடுவதில்லை. போட்டோவுக்குள்ளேயே பொதிந்திருக்கும் குட்டிப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும், பம்பர் கீறலெல்லாம் மொழுமொழுவென்று ஆகிவிடும். சர்வே ரிப்போர்ட்டுக்கு அந்தக் கீறல்தானே முக்கியம்.

பிரிண்ட்பேஜுக்குள் மிஞ்சுவது வரைகிற வரி மட்டும். அங்கே அலகு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, ஆகவே ரெக்டாங்கிள் 300 × 225. எக்ஸ், ஒய் மட்டும் கொடுத்து வரைந்தால் படத்தின் சொந்த டிபிஐயை (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதை) பிடித்துக்கொள்ளும், 96 டிபிஐ உள்ள 600 பிக்சல் படம் ஆறேகால் அங்குலத்துக்கு நீண்டு பக்கத்து போட்டோவின் மேல் ஏறும்.

சீல், கையெழுத்து இதெல்லாம் பின்னணி இல்லாத பிஎன்ஜியாக வைத்திருக்கிறீர்களா? அளவில் சின்னதானாலும் நிறைய பிரிண்டர் டிரைவர்களுக்கு இந்த டிரான்ஸ்பரன்சி பெரிய தலைவலி, அதைச் சுற்றியுள்ள பகுதியையே படமாக மாற்றி அனுப்பும். அதையும் வெள்ளைப் பின்னணியோடு 24 பிட்டாக மாற்றுங்கள். சீல் எழுத்தை மறைக்கும் என்றால் சீலை முதலில் வரைந்து, எழுத்தை அதன் மேல் எழுதுங்கள்.

இவ்வளவும் செய்து, கியூவில் சைஸ் குறைந்த பிறகும் மந்தமாக இருந்தால், பிரிண்டர்செட்டிங்ஸிடம் பேப்பர்சைஸஸ் (காகித அளவுகள்) பட்டியலை ஒவ்வொரு பக்கத்துக்கும் கேட்கிறீர்களா என்று பாருங்கள். நெட்வொர்க் பிரிண்டர் என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் டிரைவர் பதில் சொல்ல நேரம் எடுக்கும். தொடக்கத்தில் ஒருமுறை கேட்டு வேரியபிளில் வைத்துக்கொண்டால் போதும்.