குழியை மூடலாமா? – கடிதம்

அன்புள்ள சார்,

போன வாரம் கத்திரி வெயில் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நாங்கள் மடிப்பாக்கத்தில் பன்னிரண்டு வீடுகள் உள்ள அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். சென்னைக்கு வந்ததே 2021இல்தான். இப்போது போர்வெல்லில் தண்ணீர் நன்றாக வருகிறது. அதனால் வாசல் பக்கம் இருக்கிற மழைநீர் சேகரிப்புக் குழியை மூடிவிட்டு, இன்னொரு கார் நிறுத்தலாம் என்கிறார் செயலாளர். நான் ஒருத்திதான் வேண்டாம் என்கிறேன். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொன்னால், "அது ஏதோ ஒரு வருஷத்துக் கதை" என்று சிரிக்கிறார்கள். நிஜமாகவே அவ்வளவு மோசமா?

கவிதா

அன்புள்ள கவிதா,

மோசம்தான். குடிக்கக் கேன் தண்ணீர் எப்படியோ கிடைத்துவிட்டது. போனது தூக்கம். பதிவு செய்த லாரி எந்த ராத்திரி வரும் என்று யாருக்கும் தெரியாது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் மாடிப்படியில் ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தோம். ஒரு நாள் இரண்டு மணிக்கு வந்த லாரி, கேட் பூட்டியிருந்ததால் ஹாரன்கூட அடிக்காமல் போய்விட்டது. அன்றைக்குக் காவல் என் முறை. தூங்கிவிட்டேன். எட்டு வீட்டுக்காரர்களும் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வெயிலும் சேர்ந்துகொண்டது. மதியத்துக்குள் கடல்காற்று ஊருக்குள் வந்துவிட்டால் சென்னைக்காரன் பிழைத்தான். மேற்குக் காற்று பலமாக அடித்தால் கடல்காற்று கரையிலேயே தயங்கி நிற்கும், அன்றைக்கு அனல்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி போனது. 2019 ஜூன் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் 40ஐத் தாண்டிய நாட்கள் நிறைய. 2003இல் ரெண்டு தரம் குளித்தாவது சமாளித்தேன். 2019இல் ஆளுக்கு அரை வாளி. அதுவும் சாயங்காலம் சிண்டெக்ஸ் டேங்க்கிலிருந்து இறங்கும்போது கையை வைக்க முடியாது. பக்கெட்டில் பிடித்து வைத்து, விடிகாலை நாலு மணிக்கு ஆறிய பிறகுதான் குளியல்.

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் நிரம்பினால் 11 டிஎம்சிக்குச் சற்று மேல் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). அந்த ஜூனில் நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 2015 டிசம்பரில் இதே செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டபோது, அடையாற்றங்கரையில் வெள்ளத்துக்குப் பயந்து முதல் மாடிக்கு ஏறியதும் இதே ஊர்தான். 2019 ஜூலை 12இல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், சுமார் 25 லட்சம் லிட்டர். இத்தனை பெரிய ஊருக்கு அது எத்தனை நேரத்துக்குக் காணும்?

சரி, உங்கள் குழிக்கு வருகிறேன். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் விழுவது மட்டும் ஏறத்தாழ 1,30,000 லிட்டர். 9,000 லிட்டர் லாரியில் பதினாலு லோடு. அத்தனையும் மண்ணுக்குள் இறங்காது, பாதி இறங்கினாலும் ஏழு லோடு. இதைச் செயலாளரிடம் ரூபாயில் சொல்லுங்கள், லிட்டரில் சொன்னால் ஏறாது.

ஆனால் முதலில் உங்கள் குழி வேலை செய்கிறதா என்று பாருங்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியபோது எங்கள் வீட்டிலும் குழி வெட்டினோம். பதினாறு வருஷம் யாரும் திறக்கவில்லை. 2019இல் மூடியை நெம்பித் தூக்கினால், ஜல்லிக்கு மேல் ஒரு முழம் சேறு, அதில் உடைந்த டைல்ஸ், பெயின்ட் டப்பா, யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. மாடிக் குழாயோ குழிக்கே வரவில்லை. பின்பக்கமாகத் திருப்பிச் சாக்கடையில் விட்டிருந்தார்கள். பெயின்ட் அடித்த வருஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்தான். கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் குழியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றிக் கடிகாரத்தைப் பாருங்கள். கால் மணி நேரத்தில் வடிந்துவிட்டால் நல்லது. தேங்கி நின்றால் மேல் மணலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவிப் போட வேண்டும். ரெண்டு ஆள், ஒரு நாள் வேலை. பருவமழைக்கு முன்னால், செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கார். குழியை மூடாமலேயே அதை நிறுத்தலாமே? கார் பாரம் தாங்குகிற மாதிரி கனமான இரும்புக் கிராதி போடச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு நாள், குழியைத் தூர் வாரும்போது மட்டும், செயலாளர் வண்டியை எடுத்துத் தெருவில் விட்டுக்கொள்ளட்டும்.