கூரைக்குள் அணில்: வாசகர் கேள்வி பதில்

ஒன்ராறியோவில் பனி உருகத் தொடங்கினால் ‘கூரைக்குள் அணில்’ என்று வரும் கேள்விகளும் கூடிவிடும். அநேகமானோர் கேட்பது, ஓட்டையை எதனால் அடைப்பது என்றுதான். அடைப்பது கடைசி வேலை. உள்ளே இருப்பது எது, குட்டி உண்டா, வேறு வழிகள் இருக்கின்றனவா என்று தெரியாமல் கம்பி வலையைக் கையில் எடுக்கக் கூடாது. இந்த முறை அது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: விடிய ஆறு மணிக்குப் படுக்கையறைக்கு மேலே எதையோ உருட்டும் சத்தம். என் கணவர் எலி என்கிறார். பக்கத்து வீட்டார் ரக்கூன் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும். அணில் பகலில் நடமாடும் பிராணி. விடியும்போதும் பொழுது சாயுமுன்பும் ஓடும், சுரண்டும், கொட்டைகளை உருட்டும், இருட்டினால் அடங்கிவிடும். நள்ளிரவில் பாரமாக ஆள் நடப்பதுபோல் கேட்டால் ரக்கூன். இரவில் சுவருக்குள் மெல்லிய கீறல் கேட்டால் எலி. உங்கள் வீட்டில் அணில்தான் என்று நினைக்கிறோம்.

ஊரில் பார்த்த முதுகில் கோடுள்ள சின்ன அணிலை மனதில் வைத்து இதை எடை போட வேண்டாம். அது 100 கிராம் அளவு. இங்குள்ள சாம்பல் அணில் ஏறக்குறைய அரைக் கிலோ. கறுப்பாகத் திரிவதும் இதே இனம்தான், நிறம் மட்டுமே வேறு. ஒன்றரை அங்குல இடைவெளி கிடைத்தால் போதும், நுழைந்துவிடும். இடைவெளி சிறிதாக இருந்தால் கடித்துப் பெருப்பிக்கும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால், கடிக்காமல் அதனால் இருக்கவும் முடியாது. மரப்பலகை, பிளாஸ்டிக் வென்ட் (காற்றுப்போக்கி), அலுமினிய சோஃபிட் (கூரை விளிம்பின் அடித்தகடு), மின்வயரின் உறை எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

வழியைக் கண்டுபிடிக்க, வெயில் நேரத்தில் அட்டிக் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளி) கதவைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். வெளிச்சம் வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மரச்சட்டங்களில் மட்டும் கால் வையுங்கள். இடையில் வைத்தால் சீலிங்கை உடைத்துக்கொண்டு கீழே வருவீர்கள். என்95 முகக்கவசம், கையுறை கட்டாயம். வீடு 1990க்கு முந்தியது, இன்சுலேஷன் பளபளக்கும் சிறு கூழாங்கல் போல் இருக்கிறது என்றால் அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம். அதில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. கிளறாமல் கதவை மூடிவிட்டுப் பரிசோதனைக்கு ஆள் கூப்பிடுங்கள். ஓரிடத்தில் குவியலாக எச்சம் கிடந்தால் அது ரக்கூனுடையது. அதிலுள்ள உருளைப்புழு முட்டை மனிதருக்கு ஆபத்தானது, கை வைக்காதீர்கள்.

ஓட்டை தெரிந்துவிட்டால் செய்தித்தாளைக் கசக்கி அதில் தளர்வாகச் செருகுங்கள். காலநிலை நன்றாக இருக்கும் இரண்டு நாட்களில் தாள் தள்ளப்பட்டிருந்தால் அது அணில் போய்வரும் நடைபாதை. அசையாமல் இருந்தால் பழைய ஓட்டை. கடுங்குளிரிலோ பனிப்புயலிலோ இந்தச் சோதனை பயன்படாது. அணில் குளிர்கால உறக்கம் கொள்வதில்லை என்றாலும் அப்படிப்பட்ட நாட்களில் கூட்டை விட்டு வெளியே வராமல் கிடக்கும்.

கேள்வி: ஏப்ரல் மாதம் கூரை வென்டில் ஓட்டை கண்டோம். வந்து பார்த்தவர் நாளைக்கே ஒருவழிக் கதவு பொருத்திவிடலாம் என்கிறார். செய்யலாமா?
– வாசகர், மார்க்கம்

பதில்: வேண்டாம். குட்டி இல்லை என்பது உறுதியாகும்வரை பொறுங்கள்.

சாம்பல் அணில் ஆண்டுக்கு இரண்டு முறை வரை ஈனும்: குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம் வரை ஒரு முறை, கோடையின் பிற்பாதியில் இன்னொரு முறை. கர்ப்பகாலம் 44 நாள் அளவு. குட்டிகள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு. பிறக்கும்போது மயிரும் இல்லை, கண்ணும் திறக்காது. கண் திறக்க நான்கைந்து வாரம், பால் மறக்கப் பத்து வாரம் ஆகும். ஒருவழிக் கதவு தாயை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது. குட்டிகள் உள்ளே செத்து நாறும். தாய் சும்மா போய்விடாது. ஷிங்கிளை (கூரையில் ஓடுபோல் பதிக்கும் தகட்டை) கிழித்து, பலகையைக் கடித்து, ஒரே நாளில் புதிய ஓட்டை போடும். கதவு பொருத்திய பிறகு கூரை முன்பைவிட மோசமாகிவிட்டது என்று வரும் முறைப்பாடுகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒன்ராறியோவில் இந்த வேலைக்குப் பொதுவாக ஏற்ற காலம் ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை, பிறகு ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து கடுங்குளிர் தொடங்கும்வரை. அப்போதுகூட, தாய் வெளியே போன நேரம் பார்த்துக் கூடு இருக்கும் இடத்தைத் தேடி, காதைக் கொடுத்துக் கேளுங்கள். குட்டிகளின் கீச்சுச் சத்தம் மெல்லியதாக இருந்தாலும் பிடிபடும்.

முறை இது. நடைபாதை தவிர மற்ற எல்லா இடைவெளிகளையும், பலவீனமான வென்டுகளையும் முதலில் கம்பி வலையாலும் தகட்டாலும் பாதுகாத்துவிட வேண்டும். நடைபாதையில் மட்டும் ஒருவழிக் கதவு. பிறகு அட்டிக்கில் சத்தமில்லாமல், உள்ளே வைத்த தாள் அசையாமல் குறைந்தது மூன்று நல்ல நாள் போக வேண்டும்; ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது. அதன்பின் கதவைக் கழற்றி அந்த ஓட்டையையும் மூடுங்கள். வரிசையை மாற்றி முதலில் கதவைப் பொருத்தினால், வெளியே வந்த அணில் அடுத்த வென்டால் அன்றே உள்ளே போய்விடும்.

காத்திருக்க முடியாத நிலை என்றால், உதாரணமாக வயர் கடிபட்டிருந்தால், ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்டர் போன்ற இடங்களில் ஆலோசனை கேட்டுச் செய்யுங்கள். கடிபட்ட வயரைத் தொடாதீர்கள், அந்தச் சுற்றின் பிரேக்கரை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கூரை வென்டுக்குக் கம்பி வலை நானே போட விரும்புகிறேன். என்ன வலை, எவ்வளவு, எப்படி? எல்லாக் குழாய்களுக்கும் போட்டுவிடலாமா?
– வாசகர், பிரம்டன்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில்: கூடாது. துணி உலர்த்தியின் குழாய்க்கு வலை போட்டால் பஞ்சு அடைத்துத் தீப்பிடிக்கும். அதற்கென்றே செய்த, மடல் திறந்து மூடும் மூடி வேண்டும். ஃபர்னஸின் (வீட்டைச் சூடாக்கும் உலையின்) வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்களில் தயாரிப்பாளர் அனுமதித்த வலையைத் தவிர எதையும் மாட்டாதீர்கள். அடைபட்டால் வீட்டுக்குள் காபன் மொனொக்சைட்டு வரும். கழிவுநீர்க் குழாயின் காற்றுப்போக்கி, மேலே நீட்டிக்கொண்டு நிற்குமே, அதற்குச் சிறுகண் வலை போட்டால் ஜனவரியில் உறைபனி பிடித்து மூடிவிடும்.

அட்டிக்கின் காற்றுக்கான சதுர வென்டுகள் மட்டுமே இங்கே நம் கணக்கு. அவற்றையும் தகரத்தால் மூடுகிறவர்கள் உண்டு, பெரிய தவறு. சாதாரணச் சாய்கூரைக்கு, இன்சுலேஷன் உள்ள சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு காற்றுவழி வேண்டும் என்கிறது கட்டடச் சட்டக்கோவை. 1,000 சதுர அடிக்கு அது 480 சதுர அங்குலம். பாதி சோஃபிட்டில், பாதி மேலே என்று வைத்தால், 50 சதுர அங்குல வென்ட் ஐந்து வேண்டும். இரண்டை மூடினால் வீட்டின் ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல் கூரைப் பலகையின் அடியில் உறைந்து, வெயில் பட்டதும் சீலிங்கில் சொட்டும். பலர் அதைக் கூரை ஒழுக்கு என்று நினைத்து ஷிங்கிள் மாற்றுகிறார்கள்.

வலை: அரை அங்குலக் கண், 16 கேஜ் (கம்பியின் தடிப்பு), வெல்ட் செய்தபின் துத்தநாகம் பூசியது. கடையில் சுலபமாகக் கிடைப்பது 19 கேஜ், கம்பி மெல்லியது. பிடிவாதமான அணிலுக்குப் போதாது. கோழிக்கூட்டு வலை உதவவே உதவாது. 16 கேஜ் அரை அங்குல வலை முக்கால் பங்குக்கு மேல் திறந்தே இருக்கும், வென்டின் வாயில் ஒட்டாமல் வெளியே கூண்டாக நிற்பதால் காற்றும் குறையாது.

அளவு: வென்டின் தொப்பி 14க்கு 14 அங்குலம், உயரம் 6 என்று வையுங்கள். சுற்றிலும் மேலும் ஓரங்குலம் இடம் விட்டால் கூண்டு 16க்கு 16, உயரம் 7. கூரையில் படியும் விளிம்பு 3 அங்குலம். ஆக 16 + 2 × (7 + 3) = 36. 36 அங்குலச் சதுரத் துண்டு ஒன்று போதும். நான்கு மூலையிலும் ஒரு பக்கமாக 10 அங்குலம் வெட்டி, மடித்து, மேலே விழும் பகுதியைத் துத்தநாகக் கம்பியால் இறுகக் கட்டுங்கள். மூலைகளை வெட்டி எறிந்தால் கட்ட ஒன்றும் மிஞ்சாது.

பொருத்தும்போது மேல்பக்கம், இரு பக்கவாட்டு விளிம்புகள் ஷிங்கிளுக்கு அடியிலும், கீழ்விளிம்பு ஷிங்கிளுக்கு மேலும் வர வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வழிந்து போகும். ஒன்றேகால் அங்குல வெளிப்புறத் திருகாணி, அகன்ற வாஷர், 4 அங்குலத்துக்கு ஒன்று. ஒரு வென்டுக்குச் சுமார் 16. கீழ்விளிம்பில் வெளியே தெரியும் ஆணிகளுக்கு ரப்பர் வாஷரும் கூரை சீலன்டும் போடுங்கள், இல்லாவிட்டால் அணிலுக்குப் பதில் மழை உள்ளே வரும். குளிரில் ஷிங்கிளைத் தூக்கினால் வெடிக்கும், கொதிக்கும் வெயிலில் கிழியும். 10 பாகைக்கு மேல் உள்ள ஒரு காலைப்பொழுது நல்லது. வென்ட் கடிபட்டிருந்தால் முதலில் அதை மாற்றி இரும்பு வென்ட் போட்டபின்தான் வலை.

கீழ்க்கூரை மேல்மாடியின் சோஃபிட்டைத் தொடும் மூலையை மறந்துவிடாதீர்கள். அணில் கீழ்க்கூரையில் நின்று, சோஃபிட் தகட்டை முதுகால் நெம்பித் தூக்கி உள்ளே போகும். அங்கே வளைத்த இரும்புத் தகடு அடிக்க வேண்டும்.

ஏணி நான்கடி உயரத்துக்கு ஓரடி வெளியே, கூரை விளிம்புக்கு மேல் மூன்றடி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மின்கம்பியிலிருந்து 3 மீற்றர் தள்ளி. கூரை செங்குத்தாக இருந்தால் ஆள் பிடியுங்கள்.

கேள்வி: நுரை அடைப்பான், பாச்சை உருண்டை, மின்சார ஒலிக்கருவி? இவற்றில் எது பயன்படும்?
– வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: எதுவும் இல்லை. நுரையை அணில் கடித்துத் துப்பிவிடும். ஒலிக்குப் பழகிவிடும். பாச்சை உருண்டையின் புகை அணிலை விரட்டுவதைவிட, கீழே படுத்திருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்வது நிச்சயம். அதோடு, லேபிளில் சொன்னபடியல்லாமல் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவது கனடாவில் சட்டவிரோதம். நஞ்சு வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம், வனவிலங்குக்கு நஞ்சு வைக்க ஒன்ராறியோச் சட்டம் இடம் தராது.

கேள்வி: கூண்டு வைத்துப் பிடித்து ரூஜ் பூங்காவில் கொண்டுபோய் விட்டால்?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்தான் விடலாம், அதுவும் 24 மணி நேரத்துக்குள். தூரக் கொண்டுபோனால் உங்கள் மீது குற்றம். கிட்ட விட்டால் இருட்டுமுன் திரும்பி வந்துவிடும். ஓட்டை திறந்திருக்க ஒன்றைப் பிடித்தால், இன்னொன்று வந்து குடியேறும். கூண்டுக்குச் செலவிடும் பணத்தில் வலை வாங்குங்கள்.

கேள்வி: வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் ‘அணில்தானே, போய்விடும்’ என்கிறார்.
– வாசகர், ஸ்காபரோ

பதில்: 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. வாயால் சொன்னதை எழுத்தில் அனுப்புங்கள், திகதி போட்ட படங்களும் சத்தத்தின் பதிவும் சேர்த்து. அசையாவிட்டால் நகரசபையின் 311 இலக்கத்தை அழையுங்கள். அடுத்தது வாடகைத் தீர்ப்பாயத்தின் டி6 (T6) படிவம். நீங்களே கூரையில் ஏறி ஆணி அடிக்க வேண்டாம், ஒழுகினால் பழி உங்கள் தலையில். கொண்டோ டவுன்ஹவுஸ் என்றால் கூரை பொதுவாகக் கூட்டுச் சொத்து. நிர்வாகத்திடம் வீட்டுக்காரர்தான் முறையிட வேண்டும்.

கேள்வி: எல்லாம் அடைத்தாயிற்று. ஆனாலும் அணில்கள் கூரையை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமைகளில் காகத்துக்குச் சோறு வைக்கிறோம், அதுவும் காரணமா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: காரணம்தான். அணில், எலி, ரக்கூன் எல்லாம் அந்தச் சோற்றுக்கு வரும். அதைவிட, 2023 ஏப்ரல் 1 முதல் ரொறன்ரோவில் சொந்த வளவில்கூட வனவிலங்குக்கு உணவு வைப்பது தடை. பறவைகளுக்கான தீனிப்பெட்டியைத் துப்புரவாக, தரைக்கு மேலே, மற்ற விலங்குகளை ஈர்க்காத வகையில் வைக்க மட்டும் விலக்கு உண்டு. விரதச் சோற்றைக் கோயிலில் கொடுப்பதா, வேறு வழியா என்பதை வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

மரத்தையும் பாருங்கள். அணில் கிடையாக எட்டு முதல் பத்தடி வரை தாவும். கூரையிலிருந்து குறைந்தது பத்தடிக்குக் கிளைகளைக் கழியுங்கள். ரொறன்ரோவில் தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை வெட்டவோ சேதப்படுத்தவோ அனுமதி வேண்டும். வீட்டு முன்னால் நிற்பது நகரசபை மரமாக இருந்தால் ஒரு கிளையையும் நீங்கள் தொட முடியாது, 311க்குச் சொல்லிக் காத்திருக்க வேண்டியதுதான். அதுவரை இலை உதிர்ந்த பின் ஒருமுறை, பனி கரைந்த பின் ஒருமுறை வலைக் கூண்டுகளைப் பாருங்கள். இலை அடைத்திருந்தால் எடுத்துவிட்டு, தளர்ந்த ஆணிகளை முறுக்கிவிடுங்கள்.