மயெல்லா எந்த இடத்தில் தடுமாறினாள்?

ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலில் அலபாமா மாநிலத்துச் சிற்றூர் நீதிமன்றம் ஒன்று வருகிறது. கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சன் தன்னை வல்லுறவு செய்ததாக 19 வயது வெள்ளையினப் பெண் மயெல்லா சாட்சி சொல்கிறாள். டாமின் வழக்கறிஞர் அட்டிகஸ் அவளைக் குறுக்கு விசாரணை செய்கிறார். அந்தக் காட்சியைப் பற்றிச் சிலர் கேட்டவை இவை.

கேள்வி: இவ்வளவு பதறுகிறாளே, பொய் என்பதற்கு அதுவே போதாதா?

பதில்: போதாது. உண்மை பேச வந்தவருக்கும் கூண்டில் கை நடுங்கும். பதற்றம் எந்த இடத்தில் கூடுகிறது என்று பாருங்கள். கழுத்தை நெரித்தான் என்பதைத் தயங்காமல் சொல்கிறாள். முகத்தில் அடித்தானா என்றதும் ஞாபகம் இல்லை என்கிறாள், உடனே அடித்தான் என்கிறாள், மறுபடி ஞாபகம் இல்லை. காயம் முகத்தின் வலப்பக்கம், அதாவது எதிரே நிற்பவரின் இடக்கை விழும் பக்கம். டாமின் இடக்கையோ சிறுவயதில் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் இயந்திரத்தில் சிக்கி வீணாய்ப் போனது. இடக்கைக்காரர் அவளுடைய அப்பா.

கேள்வி: கூண்டேறியதும் அழுவது நடிப்பா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. யாரிடம் பயம் என்று நீதிபதி கேட்கிறார். அட்டிகஸைக் காட்டி, அப்பாவை இடக்கைக்காரர் ஆக்கப் பார்த்ததைப் போலத் தன்னையும் ஏதாவது செய்துவிடுவார் என்கிறாள். அப்பா இடக்கைக்காரரா என்று அவளிடம் யாரும் கேட்கவே இல்லை! சற்று முன் அட்டிகஸ், எந்தக் கையால் எழுதுகிறார் என்று காட்ட, அப்பாவை ஒரு கடித உறையின் பின்னால் கையெழுத்துப் போடச் சொன்னாரே, அதுவே மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. அழுகை நிஜம்தான்.

கேள்வி: அட்டிகஸ் ‘மேடம்’ என்று அழைத்தால் அவளுக்குக் கோபம் எதற்கு?

பதில்: அவளை அப்படி யார் கூப்பிட்டிருப்பார்கள்? கேலி என்றே நினைத்துவிட்டாள்.

கேள்வி: அட்டிகஸ் கொஞ்சம் கொடுமையாக நடந்துகொண்டாரோ?

பதில்: கடைசியில் கேள்விகளை அடுக்கும்போது ஆமாம், அவருக்கே அது பிடித்திருக்காது. ஆனால் அப்பாவைப் பற்றிக் கேட்கும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். “பரவாயில்லாதவர், ஆனால்...” என்று தொடங்கி அப்பாவைப் பார்க்கிறாள். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்காருகிறார். “ஆனால் ஒன்றுமில்லை” என்று விழுங்கிவிடுகிறாள். அவர் திரும்பச் சாய்ந்துகொள்கிறார். அப்புறம் அட்டிகஸ், குடித்திருக்கும்போது மட்டும் அப்படி இல்லையா என்று மிக மென்மையாகக் கேட்கிறார். அவளும் தன்னை மறந்து தலையாட்டிவிடுகிறாள்.