நேரத்தைத் திருத்தினால் மெஷின் ஏன் நிற்கிறது?

கேள்வி: எங்கள் பேக்கிங் மெஷினை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் இயக்குகிறது, 10 மில்லி நொடிக்கு ஒரு சுற்று. அதன் கடிகாரம் நாளுக்கு 4 நொடி முந்துகிறது. கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) என்டிபிடேட் (நேர சர்வரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தும் கட்டளை) போட்டு இரவு 2 மணிக்குத் திருத்துகிறோம். சரியாக அப்போதுதான் வாட்ச்டாக் (புரோகிராம் பதில் தராவிட்டால் மெஷினை நிறுத்தும் காவல் டைமர்) டிரிப் ஆகி மெஷின் நிற்கிறது. போர்டை மாற்ற வேண்டுமா?
— வாசகர், பீன்யா, பெங்களூரு

பதில்: வேண்டாம். நாளுக்கு 4 நொடி என்பது பத்து லட்சத்தில் சுமார் 46 பங்கு பிழை. சாதாரண குவார்ட்ஸ் படிகத்தில் இவ்வளவு வரும். பேனலுக்குள் சூடு ஏற இறங்க அதுவும் மாறும்.

கோளாறு பெரும்பாலும் புரோகிராமில் இருக்கும். அடுத்த சுற்றின் நேரத்தை அது 'கிளாக் ரியல்டைம்' (திருத்தினால் தாவும் நாள்-நேரக் கடிகாரம்) பார்த்துக் கணக்கிடுகிறதா என்று பாருங்கள். வித்தியாசம் அரை நொடியைத் தாண்டினால் என்டிபிடேட் கடிகாரத்தை ஒரே தாவலில் மாற்றிவிடும். 4 நொடி பின்னுக்குப் போனதும், குறித்த நேரம் இன்னும் வரவில்லை என்று சுற்றுகளை ஓட்டும் லூப் தூங்கிக்கொண்டே இருக்கும்; வாட்ச்டாக் டிரிப் ஆகும். முன்னுக்குத் தள்ளினால் இன்னும் ஆபத்து: விட்டுப்போன 400 சுற்றுகளும் அடுத்தடுத்து ஓடி மோட்டாரை உதறவைக்கலாம்.

லூப்பை 'கிளாக் மோனோடோனிக்' (தாவாமல் முன்னோக்கி மட்டுமே ஓடும்) கடிகாரத்துக்கு மாற்றுங்கள். லூப்பைத் தூங்கவைக்கும் கிளாக் நானோஸ்லீப் அழைப்பில் 'டைமர் ஆப்ஸ்டைம்' கொடியும் (இவ்வளவு நேரம் என்றில்லாமல் இந்த நேரம் வரை தூங்கு என்று சொல்வது) வேண்டும். ரியல்டைம் கடிகாரம் லாகில் நேரம் குறிக்க மட்டும்.

அடுத்து, கிரான் வரியை நீக்கி குரோனி (கடிகாரத்தைத் தொடர்ந்து சிறுகச் சிறுகத் திருத்தும் புரோகிராம்) போடுங்கள். லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் டைம்சிங்க்டி ஓடினால் நிறுத்துங்கள். ஒரு கடிகாரத்தை இருவர் திருத்தக் கூடாது. குரோனி அமைப்பில் 'மேக்ஸ்டெப் 1.0 3' என்றால், வித்தியாசம் ஒரு நொடியைத் தாண்டினால் முதல் மூன்று திருத்தங்களில் மட்டுமே தாவல். நேரம் ஒத்துப்போகும்வரை காத்திருக்கும் 'குரோனிசி வெயிட்சிங்க்' கட்டளை முடிந்த பிறகே மெஷின் புரோகிராம் தொடங்கட்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வேகத்தைக் கூட்டிக் குறைத்துத் திருத்தும்போது மோனோடோனிக் கடிகாரமும் சேர்ந்தே மாறும். குரோனியின் இயல்பான உச்சவரம்பு சுமார் 8.3 சதவீதம், 10 மில்லி நொடிச் சுற்றில் 0.83 மில்லி நொடி பிசகலாம். 'மேக்ஸ்ஸ்லூரேட் 500' (பத்து லட்சத்தில் 500 பங்கு) என்று கட்டுப்படுத்தினால் பிசகு 5 மைக்ரோ நொடிதான்.

கேள்வி: ஷாப் ஃப்ளோரில் இன்டர்நெட் கிடையாது. எங்கிருந்து நேரம் எடுப்பது?
— வாசகி, பொம்மசந்திரா

பதில்: ஷாப் ஃப்ளோர், இன்டர்நெட் என இரண்டு நெட்வொர்க்கையும் தொடும் ஒரு கம்ப்யூட்டரில் குரோனியை சர்வராக்குங்கள். அது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரிலிருந்து எடுக்கட்டும். ஃபயர்வாலில் நேரத் தகவல் வரும் யுடிபி 123 போர்ட் திறந்திருக்க வேண்டும். வெளித்தொடர்பே கூடாதென்றால் பிபிஎஸ் (நொடிக்கு ஒரு துடிப்பு) வெளியீடு உள்ள ஜிபிஎஸ் ரிசீவர், ஆன்டெனா மொட்டை மாடியில். மெஷின்களுக்கிடையே மைக்ரோ நொடித் துல்லியம் தேவைப்பட்டால் மட்டும் பிடிபி (நெட்வொர்க் வழியே மிகத் துல்லியமாக நேரம் ஒத்தவைக்கும் முறை). நெட்வொர்க் கார்டில் ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப் (கார்டே நேரம் குறிக்கும் வசதி) இருக்கிறதா என்று 'ஈத்டூல்' கட்டளையில் பெரிய எழுத்து 'டி' கொடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.