எடைப்பாலத்துக் கிராணியை மேலாளர் எப்போது பார்க்கிறார்?

கேள்வி: மலேசியாவில் பேராக் மாநிலத்து உத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஆறு வருஷமாக எடைப்பாலக் கிராணியாக, அதாவது லாரி எடை போடும் எழுத்தராக, இருக்கிறேன். வயது 29, படிப்பு எஸ்பிஎம், ஐந்தாம் படிவத் தேர்வு. போன முறை தலைமைக் கிராணி பதவி காலியானபோது, எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் சொன்ன காரணம் ‘குராங் யாக்கின்’, தன்னம்பிக்கை போதாதாம். இப்போது அவர் வேறு ஆலைக்குப் போகிறார். அடுத்த மாதம் மறுபடியும் நேர்முகத் தேர்வு. மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் கேட்பார்கள். என்னைப் பற்றி நானே பெருமையடிக்க எனக்கு வராது. உண்மையைச் சொன்னால், எனக்கு எதில் திறமை என்பதே சரியாகத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி விஷயத்திலிருந்தே தொடங்கலாம். எதில் திறமை என்று தெரியாதவர் பேச்சுப் பயிற்சிக்குப் போனால், அங்கே சொல்லிக் கொடுத்த வாக்கியங்களை மனப்பாடமாக ஒப்பிப்பார். தேர்வுக் குழு அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

முதலில் அந்த ‘குராங் யாக்கின்’ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் வேலை எப்படி நடக்கிறது? செம்பனைக் குலை ஏற்றிய லாரி வருகிறது, பாலத்தில் ஏறுகிறது, எடை போடுகிறீர்கள். ரேம்ப்பில், அதாவது குலை கொட்டும் மேடையில், இறக்கிவிட்டு வெறும் லாரி திரும்பி வருகிறது, மறுபடி எடை, கழித்து டிக்கெட். எல்லாம் சரியாக நடக்கும் நாளில் உங்கள் அறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மேலாளர் இறங்கி வருவது எப்போது? எடை குறைகிறது என்று டிரைவர் சத்தம் போடும்போது. பழுக்காத குலைக்கு எடையில் கழிவு போட்டதற்கு, குலை விற்கும் டீலர் சண்டைக்கு வரும்போது. கணினி நின்றுபோய் லாரி வரிசை கேட்டைத் தாண்டும்போது. ஆக, ஆறு வருஷத்தில் அவர் உங்களைப் பார்த்ததெல்லாம் தகராறு நேரத்தில். கண்ணாடிக்குப் பின்னால் குரல் தடுமாறி நிற்கும் ஒரு பெண்ணைத்தான் அவருக்குத் தெரியும். இது நியாயமா என்றால், பாதிதான் நியாயம். ஆனால் அவர் கையில் இருக்கும் ஆதாரம் அவ்வளவுதான். வேறு ஆதாரம் நீங்கள் கொடுக்கவில்லை.

1955இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ‘ஜொஹாரி ஜன்னல்’ என்று ஒன்றை வரைந்தார்கள். இருவர் பெயரையும் ஒட்டவைத்த பெயர் அது. ஒரு மனிதரைப் பற்றிய செய்திகளை நான்கு கட்டமாகப் பிரிக்கிறது: தனக்கும் பிறருக்கும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, தனக்கு மட்டும் தெரிந்தது, இருவருக்குமே தெரியாதது. உங்கள் சிக்கல் நடுவில் இருக்கும் இரண்டு கட்டத்தில். பிறருக்கு மட்டும் தெரிந்ததைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். உங்களுக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். கேட்பதை முதலில் செய்யுங்கள். சொல்வதற்குச் சரக்கு அங்கிருந்துதான் வரும்.

யாரைக் கேட்பது? வீட்டில் கேட்காதீர்கள். அம்மாவுக்கு நீங்கள் தங்கம், வீட்டுக்காரருக்கு அந்த ஆலையே ஆகாது. உங்கள் வேலையால் தினமும் நன்மையோ தொல்லையோ அடைகிற மூன்று பேர் போதும்: ரேம்ப்பில் குலையைத் தரம் பார்க்கும் கிரேடர், அடிக்கடி வருகிற ஒரு மூத்த டிரைவர், உங்கள் டிக்கெட்டை வைத்துக் கணக்கு முடிக்கும் அலுவலகக் கிராணி. ‘நான் எப்படி வேலை செய்கிறேன்?’ என்று கேட்டால், ‘நல்லாத்தானே செய்யற, ஏன்மா?’ என்பார்கள். விஷயம் அதோடு முடிந்தது. கேள்வியைக் குறுக்குங்கள். ‘அண்ணே, போன மாசம் என்னால உங்களுக்கு நேரம் வீணானது எப்ப?’ என்று டிரைவரிடம் கேளுங்கள். ‘என்னை நம்பி நீங்க மறுபடி சரிபார்க்காம விடுறது எது?’ என்று கணக்குக் கிராணியிடம் கேளுங்கள். முதல் கேள்வி குறையைக் கொண்டுவரும், இரண்டாவது திறமையைக் கொண்டுவரும். பதில் வரும்போது விளக்கம் சொல்லாதீர்கள். ‘அன்னிக்கு சிஸ்டம் ஸ்லோ’ என்று நீங்கள் வாயைத் திறந்த நிமிடம் அவர் உண்மை பேசுவதை நிறுத்திவிடுவார். நன்றி சொல்லிவிட்டு வந்து எழுதி வையுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். மனதுக்குள் எட்டிப் பார்த்துத் தன்னை அறிந்துகொள்ளலாம் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மனது அன்றைக்கு இருக்கும் நிலைக்குத் தக்கபடிதான் பதில் சொல்லும். செய்த வேலையின் பதிவு அப்படி மாறாது. நிர்வாக அறிஞர் பீட்டர் டிரக்கர் ஒரு வழி சொன்னார்: முக்கியமான முடிவு எடுக்கும்போதெல்லாம் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள், ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை, வார அளவில் செய்யலாம். ‘தோட்ட லாரியையும் டீலர் லாரியையும் தனி வரிசையாக விட்டால் மாலை நெரிசல் குறையும்’ என்று திங்கள் எழுதுங்கள், சனிக்கிழமை பாருங்கள். குறைந்ததா, இல்லையா, ஏன்? நான்கு வாரம் செய்தாலே எதில் உங்கள் கணிப்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதே நோட்டில் பழைய வேலைகளையும் எழுதுங்கள். சாதனை என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ‘நான் இல்லாத நாளில் எது கெட்டுப்போகிறது?’ என்று தேடுங்கள். எம்எஸ்பிஓ என்ற மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 ஜனவரியிலிருந்து கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். தணிக்கைக்கு வருபவர் என்ன செய்கிறார்? ஏதோ ஒரு டிக்கெட்டை உருவி எடுத்து, இந்தக் குலை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, விற்ற டீலரின் உரிமம் எங்கே, அன்றைய டெலிவரி சீட்டு எங்கே என்று கேட்கிறார். அந்த மூன்று தாளும் உடனே மேசைக்கு வந்தால் அவர் அடுத்ததற்குப் போகிறார். வராவிட்டால் ஆலைக்குக் குறை எழுதுகிறார். அந்தத் தாள்களை அடுக்கி வைப்பவர் யார்? உங்களைக் கேட்டால் ‘ஃபைல் பார்த்துக்குவேன்’ என்பீர்கள். தேர்வுக் குழுவிடம் சொல்ல வேண்டியது அதுவல்ல. எந்தக் குலையும் எங்கிருந்து வந்தது என்று எப்போது கேட்டாலும் காட்ட முடிகிற பதிவு உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

பெருமையடிக்க வராது என்கிறீர்கள். அடிக்க வேண்டாம். மேலாளருக்கு எது கவலையோ அதோடு உங்கள் வேலையைச் சேர்த்துச் சொன்னால் போதும். அவருக்குக் கவலை எண்ணெயின் தரம். வெட்டிய குலை காத்துக் கிடக்கக் கிடக்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், விலை இறங்கும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும் என்று அவர் துடிப்பது அதனால்தான். ஆகவே வாசலில் லாரி வரிசையைக் குறைப்பது எண்ணெய்த் தரத்தைக் காக்கிற வேலை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘காய்ப்பு உச்ச மாதங்களில் மாலையில் லாரி வரிசை கேட்டுக்கு வெளியே போகும். நான் டிரைவர்களின் வருகை நேரத்தை எழுதி வைத்துப் பார்த்தேன். இரண்டு தோட்டங்களின் லாரிகள் ஒரே நேரத்தில் வருவதுதான் காரணம் என்று தெரிந்தது. அந்தத் தோட்டங்களின் கிராணிகளிடம் பேசி ஒருவரை முன்னால் வரச் சொன்னேன். அதற்குப் பிறகு வரிசை கேட்டுக்குள்ளேயே நிற்கிறது.’ இதில் ஒரு புகழ்ச்சி வார்த்தை உண்டா? என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன மாறியது, அவ்வளவுதான். இதுபோல் உங்கள் சொந்த அனுபவத்தில் மூன்று தயார் செய்யுங்கள். எண்ணிக்கை சொல்ல முடிந்தால் டிக்கெட் பதிவிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள், உத்தேசமாக அடித்துவிட வேண்டாம்.

அதில் ‘நான்’ என்று சொன்னதைக் கவனித்தீர்களா? நம் ஆட்கள் தமிழிலும் ‘நாங்கதான் செஞ்சோம்’ என்பார்கள், மலாயில் பேசினாலும் ‘காமி’ (நாங்கள்) என்றே வரும். தோட்டத்தில் எல்லாரும் சேர்ந்து வளர்ந்த பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் தேர்வு அறையில் ‘காமி’ என்றால், இதில் இவர் செய்தது என்ன என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது. கிரேடர் உதவினார் என்றால் அவருக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிட்டு, உங்களுடையதற்கு ‘சாயா’ (நான்) போடுங்கள்.

மொழியைப் பற்றி. தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளி முதல் படிவத்துக்கு முன்னால் வரும் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் பலருக்கு ஆங்கிலம் என்றாலே தொண்டை அடைக்கும். நீங்களும் அப்படி என்றால், அறிமுகத்தையும் அந்த மூன்று அனுபவங்களின் முதல் இரண்டு வரிகளையும் மட்டும் ஆங்கிலத்தில் தயார் செய்துகொள்ளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். சொந்தக் குரலைக் கேட்க முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். விவரம் கேட்கும்போது, ‘இதை மலாயில் சொல்லலாமா?’ என்று நேராகக் கேளுங்கள். தடுமாறுகிற ஆங்கிலத்தைவிடத் தெளிவான மலாய் மேல். உடை, வணக்கம், உட்காரும் முறையெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: துரை காலத்திலிருந்து வந்த பழக்கமாக, கதவோரம் நின்று கீழே பார்த்துப் பேசுவதை விட்டுவிடுங்கள். கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

போன முறை பதவி வாங்கியவர் ‘நல்லாப் பேசுவார்’ என்பதால்தான் அது அவருக்குக் கிடைத்தது என்ற மனத்தாங்கல் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கசந்தாலும் சொல்கிறேன்: தலைமைக் கிராணியின் வேலையில் பெரும்பகுதி பேச்சுதான். டீலரோடு, தோட்ட அலுவலகத்தோடு, தணிக்கையாளரோடு, எல்லாரோடும். பேசத் தெரிவது அந்தப் பதவிக்கான தகுதியில் ஒன்று, மினுக்கு இல்லை. அறையில் அவர் பெயரை எடுக்காதீர்கள், அவர் காலத்துக் குறையையும் சொல்லாதீர்கள்.

தேர்வுக்கு இன்னும் சில வாரம் இருக்கிறதே, மேலாளருக்கு வேறு ஆதாரம் கொடுக்க அது போதும். வாரக் கடைசியில் அரைப்பக்கம் எழுதி அனுப்புங்கள்: எத்தனை லாரி, எத்தனை எடைத் தகராறு வந்தது, எத்தனை உங்கள் மேசையிலேயே முடிந்தது, எது நிலுவை. இப்போதைய தலைமைக் கிராணி போகும்வரை அவர் வழியாகவே அனுப்புங்கள். அவரைத் தாண்டிப் போனால் எழுதிய நல்லது மறைந்து, தாண்டிப் போனதுதான் பேச்சாகும். தகராறு வந்தாலும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கத்தாமல், டிக்கெட்டோடு வெளியே வந்து டிரைவருக்கு இரண்டு எடையையும் காட்டிப் பேசுங்கள். மேலாளர் இறங்கி வரும்போது பார்க்கிற காட்சி மாறட்டும்.

படிப்பு எஸ்பிஎம்தான் என்று தயங்க வேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகேயின் பிபிடி முறையில், வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தை ஆதாரங்களோடு தொகுத்துக் கொடுத்து மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். உங்கள் வேலைக்குப் பொருந்துகிற துறை எது என்று ஜேபிகே அங்கீகரித்த மையத்தில் கேளுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் அங்கேயும் உதவும். இன்னொன்று, பத்தும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளர்கள் உள்ள உற்பத்தி நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப் என்ற மனிதவளப் பயிற்சி நிறுவனத்துக்குத் தீர்வையாகக் கட்டுகின்றன. ஊழியர் பயிற்சிக்கென்றே இருக்கிற பணம் அது. ஆங்கில வகுப்போ மேற்பார்வையாளர் பயிற்சியோ அதிலிருந்து கேட்பது சலுகை கேட்பதாகாது. அறையில் ‘உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?’ என்பார்களே, அப்போது இதைக் கேளுங்கள்.

இந்த முறையும் கிடைக்காவிட்டால், ஒரு வாரத்துக்குள் குழுவில் இருந்த ஒருவரிடம் போய், எந்தக் கேள்விக்கு என் பதில் போதவில்லை என்று கேளுங்கள். குறிப்பிட்டு ஒன்றைச் சொன்னால் அதைச் சரிசெய்யுங்கள். மறுபடியும் ‘குராங் யாக்கின்’ என்று மட்டும் சொன்னால், தெலுக் இந்தான் வட்டாரத்தில் இருக்கிற மற்ற ஆலைகளுக்கு அந்த மூன்று அனுபவங்களை வைத்து விண்ணப்பம் எழுத ஆரம்பித்துவிடுங்கள். போன முறை அந்தப் பதவி வாங்கியவரும் இப்போது வேறு ஆலைக்குத்தானே போகிறார்.