பல் பிடுங்குவதற்கு முன்னும் பின்னும் என்ன கவனிக்க வேண்டும்?

நாளை கடைவாய்ப் பல்லை எடுக்கப் போகிறார்கள், பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் இயல்புதான். போனதும் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, எலும்புத் தேய்மான மருந்து, சர்க்கரை மருந்து. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி என்றால் பொதுவாகச் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

பல்லை எடுத்த பிறகு எல்லாமே ரத்தக்கட்டியைப் பொறுத்ததுதான். பல் இருந்த குழியில் உறையும் ரத்தம்தான் அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் மூடிக் காக்கிறது. அது பெயர்ந்துவிட்டால், குறைந்துகொண்டே வந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை தெறிக்கும். இதைத்தான் 'டிரை சாக்கெட்' என்பார்கள். அதனால் வைத்த பஞ்சை அரை மணி நேரமாவது அழுத்திக் கடித்திருங்கள். முதல் 24 மணி நேரம் காறித் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் சில நாட்களாவது கண்டிப்பாக விடுங்கள்; இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

எச்சிலில் லேசாக ரத்தம் கலந்து வந்தால் கலங்க வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்து மெல்லச் சாய்த்து வெளியே விடுங்கள். மரத்துப்போனது தெளியும்வரை எதையும் மெல்லாதீர்கள், கன்னத்தையே கடித்துக்கொள்வீர்கள்.

நிற்காத ரத்தம், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.