லிட்டர் 1,300 ரூபாய்க்கு என்ஜின் ஆயில் தேவையா?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து மாட்டுத்தாவணிப் பக்கம் தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். 2018 மாடல் ஃபோக்ஸ்வேகன், 1.5 லிட்டர் டீசல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வருஷத்துக்கு 15,000 கி.மீ. ஓடும். மனுவலில் ஆயிலுக்கு ‘விடபிள்யூ 507 00’ (ஃபோக்ஸ்வேகன் கம்பெனியின் ஆயில் தர எண்), 4.3 லிட்டர் என்று இருக்கிறது. சர்வீஸில் இறக்குமதி ‘யூரோப்பியன் ஸ்பெக்’ சிந்தெடிக் ஆயில் லிட்டர் 1,300 என்கிறார்கள். ஸ்பேர்ஸ் கடையில் வேறொரு கம்பெனியின் சிந்தெடிக் 850. அப்பாவோ டிராக்டருக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) சாதா ஆயிலே போதும், லிட்டர் 380தான் என்கிறார். சம்பளம் 38,000. எதை வாங்குவது?

பதில்: 850 ரூபாய் ஆயிலை வாங்குங்கள். ஆனால் காசை எண்ணிக் கொடுக்கும் முன் கேனைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் ‘விடபிள்யூ 504 00 / 507 00’ என்று இருக்க வேண்டும். இரண்டு எண்களும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும். அதற்குப் பக்கத்தில் ‘அப்ரூவல்’ என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘மீட்ஸ்’, ‘ரெக்கமெண்டட் ஃபார்’ என்று மட்டும் இருந்தால், அது ஆயில் கம்பெனி தானாகச் சொல்லிக்கொள்வது. அப்ரூவல் என்பது கார் கம்பெனி சோதித்துப் பார்த்துக் கொடுத்த அனுமதி. நீங்கள் காசு கொடுக்க வேண்டியது இந்த எண்ணுக்குத்தான். முன்பக்கத்தில் மின்னும் ‘ஜெர்மன் டெக்னாலஜி’க்கு அல்ல.

கணக்கைப் பார்ப்போம். 4.3 லிட்டருக்கு 5 லிட்டர் வாங்க வேண்டும். இறக்குமதி ஆயில் 6,500, கடை ஆயில் 4,250. இரண்டிலும் 507 00 அப்ரூவல் இருந்தால், கூடுதலாகக் கொடுக்கும் 2,250 ரூபாய்க்கு உங்கள் என்ஜின் எந்தக் கைம்மாறும் செய்யாது. ஐந்து வருஷத்தில் அது 11,250 ரூபாய்.

அப்பா சொல்லும் ஆயில் 5 லிட்டர் 1,900 ரூபாய். பார்வைக்கு மலிவுதான். ஆனால் அந்தச் சாதா ஆயிலை உங்கள் டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) டீசலில் 15,000 கி.மீ. ஓட்ட முடியாது. மனசாட்சியோடு செய்தால் 7,500-க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஃபில்டர் 500, கூலி 600 என்று வைத்தால் வருஷத்துக்கு இரண்டு முறையும் சேர்ந்து 6,000 ரூபாய். 850 ரூபாய் ஆயிலில் ஒரே தடவை, எல்லாம் சேர்த்து 5,350. மலிவு ஆயில்தான் 650 ரூபாய் அதிகம் தின்கிறது.

அப்பா சொல்வது டிராக்டருக்கு முழுக்கச் சரி. குறைந்த ஆர்பிஎம்மில் ஓடும் முரட்டு என்ஜின் அது, எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கை வைத்து ஆயில் மாற்றுவார்கள். உங்கள் காரின் டர்போ தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். கப்பலூர் தாண்டி நாற்கர சாலையில் விரட்டி வந்து, சித்திரை வெயிலில் சட்டென்று என்ஜினை நிறுத்தினால், டர்போவுக்குள் தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் வேகும். சாதா ஆயில் அங்கே கரியாகப் படிந்து, ஆயில் போகும் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். ஒரு தடவை ஊற்றினால் ஒன்றும் ஆகாது, அதனால்தான் ‘எல்லா ஆயிலும் ஒண்ணுதான்’ என்று தோன்றுகிறது. 40,000 கி.மீ. கழித்து டர்போ ஊளையிடும்போது யாரும் ஆயிலை நினைப்பதில்லை. எந்த ஆயில் ஊற்றினாலும் சரி, வேகமாக ஓட்டி வந்தால் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணையுங்கள். இதற்குச் செலவே இல்லை.

பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றின் சைலன்சர் வரிசையில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே எரித்துவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அப்படியே தங்கிவிடும். 507 00, ஏசிஇஏ சி3 (ஐரோப்பியக் கார் கம்பெனிகள் சங்கத்தின் தர எண்) போன்ற ஆயில்களில் சாம்பல் அளவு 0.8 சதவீதத்தைத் தாண்டாது. லாரி, டிராக்டர் ஆயிலில் பொதுவாக அதைவிட அதிகம். மாற்ற வேண்டி வந்தால் டிபிஎஃப் பில் ஐந்து இலக்கத்தில்தான் தொடங்கும்.

‘0டபிள்யூ போடுங்க சார், இன்னும் நல்லது’ என்று யாராவது 200 ரூபாய் கூட்டிச் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். ‘டபிள்யூ’வுக்கு முன்னால் வரும் அந்த 0, 5 எல்லாம் உறைகுளிரில் ஸ்டார்ட் ஆவதற்கான கணக்கு. 5டபிள்யூ ஆயிலைச் சோதிப்பதே மைனஸ் 30 டிகிரியில். மார்கழி விடியலில் கொடைக்கானல் ஏறினாலும் உங்களுக்கு அது மிச்சம்தான். அதேபோல் ஐரோப்பாவில் இதே ஆயிலில் 30,000 கி.மீ. ஓட்டுகிறார்கள் என்பதைக் கேட்டு நீங்கள் நீட்டிக்காதீர்கள். நம் தூசிக்கும் சூட்டுக்கும் 15,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அதுதான்.

போலி ஆயிலுக்கும் பயப்படத்தான் வேண்டும். ஜிஎஸ்டி பில் போடும் கடையில் வாங்குங்கள், சீல் உடைவதை உங்கள் கண்முன் பாருங்கள். காலி கேனை மெக்கானிக்கிடம் விடாமல், மூடியோடு வாங்கி ஆணியால் ஓட்டை போட்டுத் தூக்கி எறியுங்கள். நல்ல கேன்களில்தான் கள்ள ஆயில் திரும்பி வருகிறது. ஃபில்டரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், வடிகால் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஊற்றிய பிறகு சமதரையில் வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிராங்க் (என்ஜினுக்குள் சுழலும் தண்டு) அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

5,350-ஐ பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 446 வரும். வங்கியில் 12 மாத ஆர்டி (மாதத் தொடர் சேமிப்பு) ஒன்று, மாதம் 500 ரூபாய்க்குப் போட்டுவிடுங்கள். சர்வீஸ் மாதத்தில் சம்பளத்தைத் தொட வேண்டியிருக்காது.

மிச்சமாகும் 0.7 லிட்டரை மூடியை இறுக்கி டிக்கியில் வையுங்கள், இடையில் ஆயில் குறைந்தால் டாப்-அப்புக்கு ஆகும். வீணாகப் போகிறதே என்று பைக்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பைக்கின் கிளட்ச் அதே ஆயிலில் நனைந்து ஓடுவது. அதற்கு ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறி) என்று போட்ட ஆயில்தான் வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், பிளேட் செட் மாற்றும் செலவு தனியாக வரும்.